நீலகிரியில் ஆர்பிஜி செய்யப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

கோவையிலும் சென்னையிலும், எங்கள் கோத்தகிரியிலேயேகூட, பழைய பாணி ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கணினி விளையாட்டு) ஒன்றைத் தமிழில் செய்துவிட வேண்டும் என்று சிலர் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2023இல் பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜி வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. கதை நடக்கும் இடம் எது என்று கேட்டால் பாதிப் பேர் நீலகிரி என்கிறீர்கள். பனிமூட்டம், சோலைக்காடு, பாழடைந்த பங்களா, மந்திரம் தெரிந்த பழங்குடிகள். முதல் மூன்றும் சரி. நான்காவதைக் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன் பழைய விளையாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்வோம். நான் அந்தக் காலத்து ஆள். முதல் பால்டர்ஸ் கேட் 1998இல் 5 சிடிகளில் வந்தது. ஒரு ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனால் சிடியை மாற்றச் சொல்லும். ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்பும் ஒரு தடவை சேவ் செய்துவிடுவது எங்கள் வழக்கம். இப்போதும் வேர்ட் கோப்பில் நாலு வரி எழுதினால் கை தானாகச் சேவ் பொத்தானுக்குப் போகிறது.

அந்த விளையாட்டின் கதை எதில் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? இரும்புத் தட்டுப்பாட்டில். நாஷ்கெல் சுரங்கத்தின் தாதுவை யாரோ கெடுத்துவிடுகிறார்கள். அந்த இரும்பில் அடித்த வாள் சண்டைக்கு நடுவில் பட்டென்று உடைகிறது. கடைக்காரன் புலம்புகிறான், வணிகர்கள் சாலையில் போகப் பயப்படுகிறார்கள். டிராகன் இல்லாமல், உலகம் அழியப்போகிறது என்ற மிரட்டல் இல்லாமல், ஒரு நாட்டின் பொருளாதாரத்தை உங்கள் கையில் இருக்கும் வாள் வழியாகவே புரியவைத்தார்கள். எனக்கு அந்தக் காலத்தின் மேல் ஏக்கம் இருக்கிறதென்றால் இந்த மாதிரி வேலைக்காகத்தான். பிக்சல் படங்களுக்காகவோ கோட்டை கொத்தளங்களுக்காகவோ இல்லை.

1985இல் ரிச்சர்ட் கேரியட் செய்த அல்டிமா 4இல் வில்லனே கிடையாது. எட்டு நற்குணங்களில் தேறுவதுதான் விளையாட்டு. மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்பவர் கண் தெரியாதவர். எவ்வளவு காசு வைக்கிறோம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். குறைத்து வைத்தால் அவர் எதுவும் சொல்வதில்லை. ஆனால் விளையாட்டு அதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது, ரொம்ப நேரம் கழித்துத்தான் விளைவு தெரியும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. விளையாடுகிறவனின் மனச்சாட்சியை மட்டும் நம்பி ஒரு விளையாட்டைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் 1992இல் வந்த அல்டிமா 7. மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அடுப்பில் வைத்தால் ரொட்டி ஆகும். அதனால் கதைக்கு எந்தப் பயனும் இல்லை. ஊர்க்காரர்கள் காலையில் வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் சத்திரத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், இரவில் தூங்குவார்கள். நீங்கள் வருவதற்கு முன்பே அந்த ஊர் நடந்துகொண்டிருந்தது என்ற நம்பிக்கை அதனால் வந்தது. 1997இன் ஃபால்அவுட்டில் பாத்திரத்தின் அறிவுப் புள்ளியைக் குறைத்து வைத்தால் அவனால் ஒரு வாக்கியம் சரியாகப் பேச முடியாது. எதிரில் இருப்பவர்களும் அதற்குத் தகுந்த மாதிரித்தான் பதில் சொல்வார்கள். அதே விளையாட்டில் கடைசி எதிரியை ஒரு குண்டும் சுடாமல், அவன் திட்டம் ஏன் பலிக்காது என்று ஆதாரத்தோடு பேசியே மடக்கிவிடலாம்.

2002இன் மாரோவிண்டில் திரையில் அம்புக்குறி கிடையாது. "தெற்கே போ, பாலத்தைத் தாண்டு, பாறைக்கு அந்தப் பக்கம் திரும்பு" என்று ஒருவர் சொல்வார். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். சொன்ன வழி சில சமயம் அரைகுறையாகவும் இருக்கும். எங்கள் ஊரில் ஒரு ஹட்டிக்கு, அதாவது படகர் சமூகத்தின் கிராமத்துக்கு, வழி கேட்டுப் பாருங்கள், இப்படித்தான் சொல்வார்கள். மலையில் கூகுள் மேப்பை நம்பி எஸ்டேட் சாலையில் காரை மாட்டிக்கொண்டு நிற்கும் சுற்றுலாக்காரர்கள் இன்றும் உண்டு. உங்கள் விளையாட்டில் அம்புக்குறி வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவசியமானால் அதை நிறுத்தி வைக்கும் வசதியாவது கொடுங்கள்.

இனி அந்த நான்காவது விஷயம்: மந்திரம் தெரிந்த பழங்குடிகள்.

பழைய ஆர்பிஜிகளில் நான் கொஞ்சமும் ஏங்காத ஒன்று இருக்கிறது: இனப் பட்டியல். கற்பனை இனமான எல்ஃப் என்றால் சுறுசுறுப்புக்கு ஒரு புள்ளி கூடும், உடல் உரத்துக்கு ஒன்று குறையும். பால்டர்ஸ் கேட் 2இல் அரை ஓர்க் என்றால் பலம் கூடும், அறிவில் இரண்டு புள்ளி போய்விடும். எந்தக் குலத்தில் பிறந்தாய் என்பதை வைத்து அறிவை அளக்கும் முறை அது. அந்த விதிகளின் மூலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டே 2024 பதிப்பில் இதைக் கைவிட்டுவிட்டது. இப்போது அந்தப் புள்ளிகள் பிறப்பைப் பார்த்து வருவதில்லை, பாத்திரத்தின் பின்னணியைப் பார்த்து வருகின்றன.

இந்த அச்சில் நீலகிரியை ஊற்றினால் என்ன ஆகும்? உங்களில் ஒருவர் காட்டிய வரைவில் குறும்பருக்குச் சூனியத்தில் கூடுதல் புள்ளி இருந்தது. தம்பி, குறும்பர்கள் சூனியக்காரர்கள் என்ற பேச்சு ஆங்கிலேய அதிகாரிகளின் நூல்களிலெல்லாம் ஏறி உட்கார்ந்த பழைய பழி. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழியைச் சொல்லி அவர்களைக் கொன்றிருக்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் இன்றும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், உங்கள் விளையாட்டைத் தரவிறக்கி விளையாடவும் போகிறார்கள். தன் பாட்டியைத் திரையில் சூனியக்காரியாகப் பார்க்கும் பிள்ளையிடம் "இது கற்பனைதானே" என்று சமாதானம் சொல்ல முடியுமா? தோடர்களின் கோயிலைப் புதையல் எடுக்கும் குகையாக மாற்றுவதும் இதே கணக்குத்தான்.

சரி, பிறகு எதைத்தான் செய்வது என்று கேட்பீர்கள். மலையில் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. நாஷ்கெல் இரும்பைச் சொன்னேன் அல்லவா? இங்கே இரும்பு வேலை கோத்தர்களுடையது. கருவிகளும் மண்பாண்டமும் செய்து கொடுத்தார்கள், மற்றவர்கள் வீட்டுச் சடங்குகளில் இசைக்கருவிகள் வாசித்தார்கள். தோடர்களிடமிருந்து நெய், படகர்களிடமிருந்து தானியம், குறும்பர்களிடமிருந்து தேனும் மூங்கிலும். பணம் பெரிதாகப் புழங்காத இந்தக் கொடுக்கல் வாங்கல் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தளர்ந்துபோனது. சந்தை வந்தது, சாலை வந்தது, தேயிலை வந்தது. பண்டத்துக்குப் பண்டம் மாற்றும் ஓர் உலகத்துக்குள் காசு நுழைகிறது. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கெல்லாம் குழம்புகிறது. விளையாடுகிறவன் இந்தக் குழப்பத்துக்கு நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டும் என்றால், எந்த டிராகனும் தேவையில்லை. ஆனால் இதை எழுத வேண்டுமென்றால் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள், சம்பளமும் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி மட்டும் சொன்னால் போதாது.

இன்னொரு கதையும் கிடக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக அரசு 1968இல் தொடங்கியதுதான் டான்டீ என்ற தேயிலைத் தோட்ட நிறுவனம். பிறந்த ஊரை விட்டுக் கப்பலேறி, இதுவரை பார்த்தே இராத "தாயகத்துக்கு" வந்து, மறுபடியும் தேயிலைச் செடிக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். 1999இன் பிளேன்ஸ்கேப் டோர்மென்ட்டில் தான் யாரென்றே தெரியாத ஒருவன் பிணவறையில் கண் விழிப்பான்; அங்கே வாளைவிடப் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். தான் எந்த ஊர்க்காரர் என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாத மனிதர் நம் குன்னூர்ப் பக்கம் ஒவ்வொரு லயத்திலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்தார். அந்த மாதிரிப் பேச்சு விளையாட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

விலங்குகள் விஷயத்திலும் ஒரு வேண்டுகோள். கரடியைக் கொன்றால் இத்தனை எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) என்று வைத்துவிடாதீர்கள். இங்கே கரடி கோயில் விளக்கெண்ணெய்க்கும் ரேஷன் கடைக்கும் வருகிறது. காட்டுமாடு தேயிலைத் தோட்டத்தில் நின்று நம்மைப் பார்க்கிறது. சத்தம் போடாமல் ஒதுங்கி, அது போகும்வரை காத்திருந்து வீட்டுக்குப் போவதுதான் இங்கே திறமை. அதற்குக் கொடுங்கள் எக்ஸ்பி.

தொழில்நுட்பத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். எந்த எஞ்சினில் (விளையாட்டை உருவாக்கும் மென்பொருளில்) செய்வது என்று முடிவெடுப்பதற்கு முன் "கொ", "கௌ" எழுதிப் பாருங்கள். சிலவற்றில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்ந்து நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 முதல் அந்த எஞ்சின் நம் எழுத்தை ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது. லட்சக்கணக்கான சொற்களை எழுதி முடித்த பிறகு எழுத்து உடைவதைக் கண்டுபிடிப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

முழு மலையையும் ஒரே மூச்சில் செய்யக் கிளம்பாதீர்கள். ஒரு ஹட்டி, ஒரு சந்தை, ஒரு லயம், அவற்றில் பேச இருபது பேர், அவ்வளவு போதும். அதை முடித்ததும் அனுப்புங்கள். என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். அதில் ஓடினால் தமிழ்நாட்டில் எதிலும் ஓடும். ஓடவில்லை என்றால் எங்கே நின்றது என்று எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு பழைய விளையாட்டுக்காரன்