வில்லேஜ் வான்கார்ட் கட்டுரையில விட்டுப்போன பேரு

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூயார்க் ஜாஸ் கிளப் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரையைப் படிச்சேன். வில்லேஜ் வான்கார்ட் பத்தி தமிழ்ல ஒருத்தர் எழுதினதே பெரிய சந்தோஷம், ஆனா ரெண்டு விஷயத்தைச் சொல்லாம இருக்க முடியல.

அது ஆரம்பத்துலேர்ந்தே ஜாஸ் கிளப் இல்லீங்க. 1935ல கிளப்பை ஆரம்பிச்ச மேக்ஸ் கார்டன் செவன்த் அவென்யூ சவுத்துல இப்ப இருக்கிற அந்த பேஸ்மென்ட்டுக்கு வந்தப்போ கவிதை, நாட்டுப்புறப் பாட்டு, காமெடின்னுதான் ஓடிச்சு. முழுசா ஜாஸுக்கு மாறினது 1957லதான்.

அடுத்ததுதான் மனசு கேக்கல. அந்த கிளப்பை ரொம்ப வருஷம் நடத்தின லொரெய்ன் கார்டன் பேரே கட்டுரையில எங்கயும் இல்ல. 1948ல ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கை யாரும் பெருசா கண்டுக்காத நேரத்துல, இவருக்கு ஒரு சான்ஸ் கொடுங்கன்னு மேக்ஸ்கிட்ட போய் வாதாடினது அவங்கதான், அப்போ அவங்க மேக்ஸோட மனைவிகூட இல்ல, கல்யாணம்லாம் அப்புறம்தான். கூட்டம் வரல, ஆனா மாங்க் யாருன்னு லொரெய்னுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. 1989 மே மாசம் மேக்ஸ் இறந்தப்போ ஒரே ஒரு ராத்திரி மூடிட்டு மறுநாளே திறந்தாங்க, அதுலேர்ந்து 2018ல 95 வயசுல இறக்குற வரைக்கும் கிளப்பை விடவே இல்ல. இப்ப அவங்க பொண்ணு டெபரா பாத்துக்கிறாங்க.

அந்த ரூமையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். முக்கோணம் மாதிரி குறுகிக்கிட்டே போற இடம், 123 பேர்தான் உக்கார முடியும். 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை, பியானோ கலைஞர் பில் எவன்ஸோட ட்ரையோ, அதாவது மூணு பேர் குழு, மதியமும் ராத்திரியுமா அஞ்சு செட் வாசிச்சதை ரெக்கார்ட் பண்ணினாங்க. ஹெட்போன் போட்டுக் கேட்டா பியானோவுக்குப் பின்னாடி கிளாஸ் உரசுற சத்தம், யாரோ பேசுறது எல்லாம் கேக்கும், முதல் பாட்டுல நடுவுலயே கரண்ட் போயி பாட்டு அறுந்து திரும்ப வருது. அன்னிக்கு பேஸ்ங்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசிச்ச ஸ்காட் லஃபாரோ 11 நாள்ல கார் விபத்துல போயிட்டாரு, வயசு 25. எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, அந்த பேஸ் சோலோ வர்றப்போ இப்பவும் தொண்டை அடைச்சுக்குது.

அந்த ரூம் இன்னிக்கும் அதே இடத்துல இருக்குன்னா அதுல லொரெய்னோட பங்கு ரொம்பப் பெருசு. அடுத்த வார இணைப்புல ரெண்டு வரியாவது அவங்களைப் பத்திப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகன்