கடைக்குள் பாட்டு கடைக்குள்ளேயே கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைவீதியில் வாசலுக்கு வாசல் ஸ்பீக்கர் வைத்து அலறவிடுகிறார்கள் என்று வாசகி ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை உங்கள் பத்திரிகையில் படித்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு சாயங்காலம் நடந்தால் போதும். நாலைந்து கடைப் பாட்டு ஒரே நேரத்தில் காதில் விழும், ஒன்றுகூடப் புரியாது. ஆனால் இதை வெறும் திமிர் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆம்பிளிஃபயர், ரேடியோ ரிப்பேர் என் தொழில். அந்தக் கடைக்காரர்களில் பலர் என்னிடம் வருகிறவர்கள். தங்கள் கடைக்குப் பொருந்தாத சாமானை அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பத்தடி அகலம், இருபதடி நீளத்தில் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டும் என்று தோன்றியதும் சக்கரம் வைத்த பெரிய ட்ராலி ஸ்பீக்கர் ஒன்றை வாங்குகிறார்கள். உள்ளே இடம் இல்லாததால் அது வாசலுக்குப் போகிறது. முதலாளியோ கடைக்கோடியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். கடைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பி அனுப்பினாலும், இடையில் துணி அடுக்குகளும் ஆட்களும் இருந்தால் அதுவும் போய்விடும். போதாக்குறைக்கு ஸ்பீக்கரின் முகம் தெருவைப் பார்த்திருக்கிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் பையனிடம் வால்யூமை ஏற்றச் சொல்கிறார். அவர் காதுக்கு எட்டும்போது வாசலில் நிற்கிற வாடிக்கையாளர் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் தன் செட்டை ஏற்றுகிறார். அப்புறம் தெருவே அலறுகிறது.

வாட் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சாதாரண நாலு அங்குல ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிச் சுமார் 85 டெசிபல் வரும். இரண்டு மீட்டரில் 79. இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். பின்னணியில் ஓடுகிற பாட்டு அந்தப் பேச்சை மீறக் கூடாது. கணக்குப் போட்டால் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கே அதற்குப் போதும்! பாட்டில் தவிலோ டிரம்மோ திடீரென்று எழும் இடத்துக்குக் கொஞ்சம், ஆம்பிளிஃபயர் திணறாமல் இருக்க இன்னும் கொஞ்சம் என்று தாராளமாக விட்டாலும் பத்து வாட்டைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் கொடுக்கிற காசுக்குக் கடைக்குள் வேலையே இல்லை.

அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பிஎம்பிஓ என்று எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். அதையும் சொல்லத் தெரியாவிட்டால் கூடவே வருகிற அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள், 24 வாட். பேட்டரி இல்லாத செட்டில் உள்ளே போவதே அவ்வளவு என்றால் வெளியே வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, எதை வாங்குவது? சுவரில் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கர் இரண்டு, 8 ஓம். ஒரு சின்ன ஆம்பிளிஃபயர். இவ்வளவுதான். நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் 4440 போர்டு தெரியும். எல்ஏ4440 என்கிற ஐசி (சில்லு), 4 ஓம் ஸ்பீக்கரில் ஒரு பக்கத்துக்கு 6 வாட், 8 ஓமில் அதில் ஏறக்குறையப் பாதி கொடுக்கும், கார் பேட்டரி கொடுக்கிற 12 வோல்ட்டில் ஓடும். கரண்ட் போனாலும் யுபிஎஸ் பேட்டரியில் பாட்டு நிற்காது. போலி ஐசி நிறைய வருவதால் கட்டுகிறவர் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். அசெம்பிள் செய்ததில் நம்பிக்கை இல்லாதவர்கள், அதிகம் சூடாகாமல் ஓடுகிற டி கிளாஸ் ஆம்பிளிஃபயர் ரெடிமேடாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாம். எங்கள் பக்கத்து விலைக்கு ஸ்பீக்கர், ஒயர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். வீட்டுப் பரணில் பழைய டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் பெட்டிகள் கிடந்தால் செலவு இன்னும் குறையும். கோனைச் சுற்றியிருக்கிற ஃபோம் வளையம் உதிர்ந்திருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்திருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய கடை, இரண்டு மாடி, பத்துப் பன்னிரண்டு ஸ்பீக்கர் என்றால் அது வேறு கதை. அதற்கு அஹுஜா போன்றவர்கள் செய்கிற 100 வோல்ட் லைன் ஆம்பிளிஃபயர்தான் சரி, நீளமான ஒயரில் பல ஸ்பீக்கர்களை ஓட்டுவதற்கென்றே செய்தது. சின்னக் கடைக்கு அதை விற்க யாராவது முயன்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாட்டுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஏழெட்டு அடி உயரத்தில், முதுகு தெருவைப் பார்க்க, முகம் உள்ளே சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று வாசலுக்குச் சற்று உள்ளே, இன்னொன்று கடையின் நடுவைத் தாண்டி. இரண்டும் மெதுவாகப் பாடினால் கல்லாவில் இருப்பவருக்கும் வாசலில் நிற்பவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். கண்ணாடி ஷோகேஸ் மேல் வைக்காதீர்கள், கண்ணாடி அதிரும். ஸ்டீரியோ வேண்டாம், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருகிற மோனோ போதும். பழைய பாட்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் வயலின், ஒரு பக்கம் தபேலா என்று பிரித்திருப்பார்கள். ஒரு ஸ்பீக்கருக்குக் கீழே நிற்கிறவருக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். மோனோ ஆக்குகிறேன் என்று இரண்டு சேனல் ஒயரையும் அப்படியே முறுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு 1 கே (ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர் வைத்துச் சேர்த்து, அதை ஆம்பிளிஃபயரின் இரண்டு இன்புட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் இரண்டுக்கும் நடுவில் பேஸ் (அடித்தொண்டை ஒலி) காணாமல் போய்விடும். உடனே வால்யூமை ஏற்றத் தோன்றும். குறி அழிந்த பழைய ஸ்பீக்கர் என்றால் ஒரு பென் டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். நாலு ஸ்பீக்கர் வேண்டும் என்கிறவர்கள் நாலையும் பேரலலாக, அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், ஐசி கருகும். இரண்டிரண்டாக சீரியஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, அந்த ஜோடிகளை பேரலலாக்கினால் மறுபடி 8 ஓம். பழைய டெலிபோன் ஒயரை இழுக்காமல் முக்கால் சதுர எம்எம் செம்பு ஒயராக வாங்குங்கள்.

செல்போனில் ப்ளூடூத் போட்டுப் பாட்டு வைப்பதைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்வேன். முதலாளிக்கு போன் வந்தால் பாட்டு நின்று ரிங்டோன் கடை முழுக்க அடிக்கும். சில செட்டில் பேச்சே ஸ்பீக்கரில் வந்துவிடும். கடன் பாக்கி, வீட்டு விஷயம் எல்லாம் வாடிக்கையாளர் காதில் விழ வேண்டுமா? சிம் இல்லாத பழைய போன் ஒன்றைக் கடைக்கென்று ஒதுக்கி ஒயரில் இணையுங்கள், அல்லது பென் டிரைவ் போதும். பழைய பாட்டு மெல்லவும் புதுப் பாட்டு ஓங்கியும் பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டால் செய்து தருவார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து வால்யூமைத் திருக வேண்டியிருக்கும்.

கடைக்குக் கடை வேறுபாடும் உண்டு. பிளவுஸ் மேட்சிங் சென்டரில் துணி அடுக்கே சத்தத்தை உறிஞ்சிவிடும். அங்கே பெண்கள் "இது அரக்கு இல்லை, இன்னும் கொஞ்சம் மெரூன்" என்று நுணுக்கமாகப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சுக்குப் பாட்டு வழிவிட வேண்டும். மருந்துக் கடையில் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்கிற கவுண்டர் பக்கம் ஸ்பீக்கரே கூடாது. எங்கள் ஊர் பித்தளைப் பாத்திரக் கடைகளில் சத்தம் பாத்திரத்துக்குப் பாத்திரம் பட்டுத் திரும்பும். அதைவிட முக்கியம், குடத்தையோ அண்டாவையோ விரலால் தட்டி, ஓசையை வைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் பாட்டு செட் கேட்டு வந்தபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 55. குடியிருப்புப் பகுதியில் அது 55, 45. நம் கடைத்தெருக்களில் கீழே கடை, மாடியிலும் பின்கட்டிலும் குடும்பங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் படுத்திருக்கிற பெரியவர்களும் அங்கே இருக்கிறார்கள். சாதாரணப் பேச்சே 60 என்னும்போது, வாசல் ஸ்பீக்கர் இந்த அளவுக்குள் நிற்க வழியே இல்லை. நான் மேலே சொன்ன செட் தெருவரை வந்து சேர்வதே அபூர்வம்.

இன்னொரு சட்டத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் பலருக்குத் தெரியவே தெரியாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய பாட்டாக இருந்தாலும் கடையில் நாலு பேர் கேட்க ஒலிபரப்ப உரிமம் வேண்டும். கல்யாணத்துக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, கடைக்கு இல்லை. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமைக்கு ஐபிஆர்எஸ் என்கிற சங்கம் இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை அதிலிருந்து தனி, அதற்குத் தனி உரிமம். போனில் மாதச் சந்தா கட்டிக் கேட்கிற பாட்டுச் செயலிகள் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருநூறு சதுர அடிக் கடைக்காரர் யாரிடம் போவது, எந்தப் படிவம், ஆண்டுக்கு எவ்வளவு என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. நோட்டீஸ் வந்த பிறகு பதறி ஓடுவதைவிட முன்பே தெரிந்து கட்டுவது நல்லது. உங்கள் பத்திரிகை சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணிகர் சங்கங்கள் அதை நகலெடுத்துத் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஆம்பிளிஃபயர் மெக்கானிக் ஒருவர்,
கும்பகோணம்.