டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்: மகளிர் விடுதி மெஸ் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தவளுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் தூங்கி வழிகிறவளைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். பாவம், அவளுக்கு உடம்பில் தெம்பில்லை.

இதற்கு மெஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கொக்கிப்புழு என்று பல காரணங்கள் உண்டு. அதை டாக்டர் பார்க்கட்டும். நீங்கள் மாற்றக்கூடியது சாப்பாட்டோடு கொடுக்கும் டீ, காபியை.

ரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். கீரை, பயறு, கம்பு இவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். இட்லி சாம்பார் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து அந்தக் கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. காபியும் அப்படித்தான். டீயே வேண்டாம் என்றால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். காலையில் வகுப்புக்கு ஓடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் கொடுத்துவிட்டு, டிபனை ஒரு மணி நேரம் கழித்து வைக்கலாம்.

அப்புறம், மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு எலுமிச்சையோ நெல்லிக்காயோ வையுங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். முருங்கைக்கீரைப் பொரியலும் கொண்டைக்கடலைச் சுண்டலும் வாரத்தில் சில நாள் வரட்டும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எப்போதாவது ஈரல் கொடுத்தால் ரொம்ப நல்லது. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடும் என்று அதையே நம்பியிருக்க வேண்டாம். அதில் இரும்புச்சத்து குறைவுதான்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகள் அதை டீயிலும் பாலிலும் விழுங்குகிறார்கள். தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் வார்டன் அக்கா சொல்லிவிட்டால், பாதியில் நிறுத்த மாட்டார்கள்.

அடுத்த மாத மெனு போடும்போதே இந்த நேர மாற்றத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விடுதி மாணவி ஒருத்தியின் அம்மா