'ரன்' என்றால் 'ஓடு' மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் பகுதியை, அது தொடங்கிய நாள் முதல் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வருகிறேன். அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், அந்தப் பகுதியின் மீது எனக்குத் தனி அக்கறை உண்டு. தனிப்பயிற்சிக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை நேரில் பார்த்தவள் நான். அந்த உரிமையில்தான், சென்ற வாரம் 'ரன் – ஓடு' என்று ஒரே வரியில் வெளியான குறிப்பைப் பற்றி இதை எழுதுகிறேன்.

அந்தப் பொருள் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டதுதான் தவறு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குரியது. சுமார் 60,000 சொற்களில் 430க்கும் மேற்பட்ட பொருள்கள். 2011இல் 'ரன்' அதை முந்திவிட்டது. இயந்திரம், ரயில், கடிகாரம், கணினி நிரல் என்று மனிதன் புதிதாகச் செய்த எதுவும் ஆங்கிலத்தில் 'ரன்' ஆகிறது. அந்தச் சொல் இப்படிப் பெருத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

645 பொருள்களையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை மட்டும் வைத்தால் என்ன ஆகிறது என்பதற்கு என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 'மை ஃபாதர் ரன்ஸ் எ டீ ஷாப்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், 'என் அப்பா ஒரு டீக்கடை ஓடுகிறார்' என்று எழுதியிருந்தான். அவனுடைய அப்பாவே பேருந்து நிலையத்தின் எதிரில் டீக்கடை வைத்திருந்தவர். காலையில் கிளாஸ் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு வருவான். விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். நோட்டை மூடி வைத்துவிட்டு, "உங்க அப்பா என்ன பண்றாருப்பா?" என்று கேட்டேன். "கடை நடத்துறாரு டீச்சர்" என்று உடனே சொன்னான். தமிழும் அவனிடம் இருந்தது, வாழ்க்கையும் இருந்தது. அவன் படித்த பொருட்குறிப்பில் 'ஓடு' என்ற ஒரு சொல் மட்டும் இருந்ததால், தன் வீட்டு வாக்கியத்தையே அவனால் அடையாளம் காண முடியவில்லை. அன்றைக்கு அவனுக்கு மதிப்பெண் குறைத்தது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

இத்தனைக்கும் நம் 'ஓடு' ஆங்கிலச் சொல்லோடு வெகுதூரம் கைகோத்துப் போகிற சொல்தான். ஆறு ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, வேலைநிறுத்தத்தால் பேருந்து ஓடவில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' பொருந்தும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூலவடிவம் நீர் பாய்வதையும் கால்கள் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது என்பதை அறிந்தால், மூக்கு ஒழுகுவதும் குழாயில் தண்ணீர் கொட்டுவதும் ஏன் 'ரன்' ஆகின்றன என்று பிள்ளைக்குத் தானாகவே விளங்கும். புதுத்துணியை ஊறவைத்தால் சாயம் போவதும் அப்படித்தான். நிற்காமல் போய்க்கொண்டிருப்பது என்ற ஒரே வேரிலிருந்து விட்ட கிளைகள் இவை. கூரை ஓடு, நண்டு ஓடு என்று நாம் சொல்லும்போது வருகிற 'ஓடு' அப்படியன்று. அது ஒலியால் மட்டும் ஒத்துப்போன வேறு சொல். இந்த வேறுபாட்டையும் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கைகோத்தவை பிரியும் இடங்களில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலத்தில் தானாக ஓடுவதும் 'ரன்', ஒன்றை ஓடச் செய்வதும் 'ரன்'. தமிழிலோ ஓடு என்பதற்கு ஓட்டு, நட என்பதற்கு நடத்து என்று வினையே மாறுகிறது. அதிலும் கடையை 'நடத்துகிறேன்' என்பதற்கும், 'ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! பின்னதில் ஒரு குடும்பத்தின் வரவுசெலவு முழுவதும் கேட்கிறது. காய்ச்சல் ஆங்கிலத்தில் 'ரன்'; நமக்கு அது அடிக்கிறது. சர்க்கரை நோய் ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆனால், நாம் அதைப் பரம்பரையாக வருவது என்கிறோம். அமெரிக்கர்கள் தேர்தலில் ஓடுகிறார்கள், பிரிட்டனில் நிற்கிறார்கள், நாமும் நிற்கிறோம்.

இது பள்ளிப் பிள்ளைகளோடு முடிகிற சிக்கலும் இல்லை. 'இன் த லாங் ரன்' என்பதை நெடுங்காலப் போக்கில், நாளடைவில் என்று எழுத வேண்டிய இடத்தில் 'நீண்ட ஓட்டத்தில்' என்ற சொற்றொடரை மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் பலமுறை பார்த்துவிட்டேன். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியிலிருந்து வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அந்தச் செய்தியின் ஒரு தமிழாக்கத்தில், 'பேங்க் ரன்' என்பதற்கு 'வங்கி ஓட்டம்' என்று படித்தேன். போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் மக்கள் முண்டியடித்துக்கொண்டு எடுக்க முனைந்தார்கள் என்ற செய்தி அதைப் படிப்பவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? தன் சேமிப்பை வங்கியில் வைத்திருக்கிற எவருக்கும் அது தெரிந்தாக வேண்டிய செய்தி அல்லவா?

சொல்லின் பொருளை அதன் கூட்டாளிச் சொற்களைக் கொண்டு தெரிந்துகொள்ளும் வழி நமக்குப் புதிதும் அல்ல. பல பொருள் ஒரு சொல்லைப் பற்றித் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் பேசும் தொல்காப்பியர், 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே' என்கிறார். உடன் வரும் வினையாலும் இனச்சொல்லாலும் சூழலாலும் பொருள் தெளிவாகும் என்பது இதன் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. முடிக்கிற வினை பொருளைக் காட்டிவிடுகிறது. மா வீழ்ந்தது என்று சொன்னால் மரமா விலங்கா என்பது தெரியாது. அப்போது மாமரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர்ச்சொல்லுக்குச் சொன்னதை வினைச்சொல்லுக்குத் திருப்பிப் பார்த்தால் 'ரன்' வசப்பட்டுவிடும். யார் ஓடுகிறார், எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார், பின்னால் என்ன ஒட்டுச்சொல் வருகிறது என்ற கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, அகராதி கையில் இல்லாமலேயே பாதித்தூரம் போய்விடும். என் கடைசிப் பத்தாண்டுகளில் இப்படித்தான் கற்பித்தேன். டீக்கடையை 'ஓட' விட்ட வாக்கியம் அதற்குப்பின் என் வகுப்பில் வந்ததில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. நாளுக்கு ஒரு சொல் என்பதை வாரத்துக்கு இரண்டு சொல்லாகக் குறைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைகளின் வீட்டிலும் தெருவிலும் புழங்குகிற நான்கைந்து வாக்கியங்களைத் தமிழாக்கத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். 'டேக்' என்ற சொல் வரும் நாளில் 'எடு' என்று மட்டும் போட்டுவிடாமல், மருந்து சாப்பிட்டேன், பேருந்தில் போனேன், தேர்வு எழுதினேன் என்ற மூன்றையும் அதன் கீழே கொடுங்கள். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே வினைதான். இவ்வாறு நாற்பது சொற்களுக்கு, என் மாணவர்கள் செய்த பிழைகளையும் குறித்துக்கொண்டு நான் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. தங்களுக்குப் பயன்படுமானால் படியெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.