கெப்பாசிட்டரும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம் கதிர்

அன்பு கதிர்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி பற்றித் தங்கச்சியிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். உன் காரில் மாட்டிய சப்வூஃபரிலிருந்து (பேஸ் ஸ்பீக்கர்) வேண்டாத சத்தமெல்லாம் வருகிறது என்று நீ அனுப்பிய ஆடியோவை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன், படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆம்ப்பை (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) மாற்று, 1 ஃபேரட் கெப்பாசிட்டர் போடு, நாய்ஸ் ஃபில்டர் போடு என்று கடைக்காரர் சொன்னதாகவும், சனிக்கிழமை பணம் கட்டப் போவதாகவும் சொல்கிறாய். பொறுடா. போனில் சொன்னால் பாதியைக் காற்றில் விட்டுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சத்தத்துக்கு முன்னால் வேறொன்று. பானட் படத்தில், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் சிவப்பு ஒயரில் ஃபியூஸே இல்லை. ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று சொல்லாதே. அது ஆம்ப்புக்கான காவல். ஒயரைக் காப்பது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ். என்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் தகட்டு விளிம்பு உரசி ஒயரின் தோல் கிழிந்தால், பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த இடத்திலேயே பாடிக்குள் பாயும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒயர் பழுத்து, கார்ப்பெட் பற்றி, புகை வந்த பிறகுதான் உனக்குத் தெரியும். பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி அது. இன்றைக்கே அந்த ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கி வை. சப்வூஃபர் இல்லாமல் ஒரு வாரம் பாட்டு கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. திரும்ப மாட்டும்போது பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் ஹோல்டர், தகட்டு ஓட்டையில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்), இரண்டும் இருந்தே ஆக வேண்டும்.

ஒயரும் எனக்குப் பிடிக்கவில்லை. முனையைக் கத்தியால் சுரண்டிப் பார். செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். பருமனைப் பார்த்தால் 8 கேஜ் போலிருக்கிறது (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்). உன் ஆம்ப் 2 ஓமில் 500 வாட். அதை முழுதாக ஓட்டினால் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் அலுமினிய 8 கேஜில் அந்தக் கரண்டு போனால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். அதே தூரம் சுத்தச் செம்பு 4 கேஜில் 0.2 வோல்ட்டைத் தாண்டாது. அதனால் செம்பு 4 கேஜ் ஒயர், 60 ஆம்பியர் ஃபியூஸ். கடைக்குக் கொடுக்க இருந்த பணத்தில் முதல் செலவு இதுதான்.

கெப்பாசிட்டர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1 ஃபேரட் கெப்பாசிட்டர் 1 வோல்ட் இறங்குவதற்குள் 1 கூலும் மின்னூட்டம்தான் கொடுக்கும். 45 ஆம்பியர் இழுக்கிற ஆம்ப்புக்கு அது 22 மில்லிசெகண்ட் தாங்கும். பேஸ் அடிக்கும்போது டேஷ்போர்டு விளக்கு மங்குவதற்கு மருந்து நல்ல ஒயரும் நல்ல எர்த்தும் (ஆம்ப்பின் கறுப்பு ஒயர் வண்டியின் பாடியில் சேரும் இணைப்பு). இந்த டப்பா அல்ல.

இனி சத்தம். நீ எல்லாவற்றையும் ஒரே வியாதியாக நினைக்கிறாய். ஆடியோவில் எனக்குக் கேட்டவை நாலு. ரேஸ் கொடுத்தால் ஏறும் ‘கீ’ விசில், ஐடிலிங்கில் ஒரு உறுமல், சாவி போட்டதும் ‘டம்’, பேஸ் அடிக்கும்போது பின்னால் கடகட. நாலுக்கும் காரணம் வேறு வேறு.

விசிலை எடுத்துக்கொள். அது சப்வூஃபரிலிருந்துதான் வருகிறது என்று உனக்கு யார் சொன்னது? ஐடிலிங்கில் என்ஜின் 800 ஆர்பிஎம் ஓடினால், கப்பி விகிதத்தால் ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில், 2400-ல் சுற்றும். 12 துருவ ஆல்டர்னேட்டர் என்றால் அதில் பிறக்கும் ஏசி கரண்டு 240 ஹெர்ட்ஸ். 3 ஃபேஸ், 6 டயோடு வழியாக டிசி ஆகும்போது மிஞ்சும் அலை அதன் ஆறு மடங்கு, 1440 ஹெர்ட்ஸ். காதில் விசிலாகக் கேட்பது இந்தச் சமாசாரம்தான். ஆம்ப்பில் லோ பாஸ் (தாழ்ந்த சத்தத்தை மட்டும் விடும் ஃபில்டர், எல்பிஎஃப்) 80 ஹெர்ட்ஸில் இருந்தால் 1440 ஹெர்ட்ஸ் சப்வூஃபருக்குப் போக வழியே இல்லை, அதிர்வெண் இரட்டிக்கும்தோறும் 12 டிபி குறைக்கும் சரிவிலேயே 50 டிபி அடங்கிவிடும். ஆகவே இரண்டில் ஒன்று. ஆம்ப்பின் ஓரத்தில் இருக்கும் குட்டி ஸ்விட்ச் எல்பிஎஃப்பில் இல்லாமல் ஃபுல்லில் கிடக்கிறது. அல்லது விசில் கதவு ஸ்பீக்கரில் வருகிறது. எல்லாவற்றையும் ஆஃப் செய்து சப்வூஃபரின் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய். அப்போதும் விசில் கேட்டால் சப்வூஃபருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அடுத்து சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இருக்கும் மொபைல் சார்ஜரையும் டேஷ்கேமையும் பிடுங்கு. மலிவு சார்ஜர்கள் இந்த வேலையை நன்றாகவே செய்யும்.

உறுமல்தான் முக்கியமானது. அதைக் கண்டுபிடிக்க ஷார்ட் பிளக் என்று ஒரு சின்ன உருப்படி செய்துகொள். பழைய ஆர்சிஏ பிளக் (ஆம்ப்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டுவரும் கேபிளின் முனை) ஒன்றை வெட்டி, நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வைத்துவிடு. இரண்டு பிளக் வேண்டும். ஆம்ப்பை ஆஃப் செய்து, ஆர்சிஏ கேபிளை உருவி, அந்த இடத்தில் இவற்றைச் செருகி, என்ஜினை ஓட விட்டுக் கேள். உறுமல் அப்படியே இருந்தால் குற்றம் பவர் ஒயரிலோ எர்த்திலோ ஆம்ப்பிலோ. மறைந்துவிட்டால் ஆம்ப் நல்ல ஆம்ப், குற்றம் அதற்கு முன்னால். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆம்ப்பை மாற்றச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பணம் கொடுக்காதே. ஆத்திரமாக வருகிறது கதிர், நல்ல ஆம்ப்பைக் குப்பையில் போடச் சொல்வதைக் கேட்டால்.

சத்தம் மறைந்தது என்று வைத்துக்கொள். ஆர்சிஏ கேபிளை மறுபடி ஆம்ப்பில் செருகி, முன்பக்க முனையைக் கன்வெர்ட்டரிலிருந்து (ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் அவுட்டை ஆர்சிஏ சிக்னலாக மாற்றும் டப்பா) எடுத்து, மொபைலில் மாட்டு. சார்ஜரில் போடாதே, மொபைல் தன் பேட்டரியிலேயே ஓடட்டும். அமைதியாக இருந்தால் கேபிளும் சரி, கன்வெர்ட்டர்தான் திருடன். உறுமினால் கேபிளின் ஷீல்டு எங்கோ அறுந்திருக்கிறது அல்லது பவர் ஒயரோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. பவர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் எல்லோரும் கேபிள் வழியைப் பற்றியே பேசுவார்கள். என் கணக்கில் எர்த்துதான் பெரிய குற்றவாளி, கேபிள் வழி அதற்குப் பின்னால்தான்.

அந்த எர்த்துக்கு வருகிறேன். டிக்கிப் படத்தில் ஆம்ப்பின் கறுப்பு ஒயர் பின் சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருக்கிறது. அங்கே வேண்டவே வேண்டாம். விபத்தில் ஒரு ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டிய போல்ட் அது. அதன் அடியில் லக்கை (ஒயர் முனையின் உலோக வளையம்) செருகி இறுக்கம் கெடுக்கக் கூடாது. அதன் மரையில் பெரும்பாலும் பசை போட்டிருப்பார்கள் என்பதால் கரண்டும் ஒழுங்காகப் போகாது. வேறு இடம் தேர்ந்தெடு. பாடியின் கனமான தகடு, ஆம்ப்பிலிருந்து 45 செ.மீ.க்குள். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார், பெட்ரோல் டேங்க்கோ பிரேக் குழாயோ அந்தப் பக்கம் இருந்தால் துரப்பணத்தைத் தொடாதே. இடம் கிடைத்ததும் லக்கை விடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய். பெயிண்ட் போய், அடியில் சாம்பல் நிறப் பிரைமரும் போய், தகடு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். பிரைமரோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். லக்கை நேராகத் தகட்டின் மேல் வை, அதன் மேல் பல் வாசர், பிறகு போல்ட், அடிப்பக்கம் நட்டு. தகட்டுத் திருகாணி மட்டும் போட்டால் அதிர்விலேயே சில மாதத்தில் தளர்ந்துவிடும். இறுக்கிய பிறகு மேலே பெயிண்டோ கிரீஸோ பூசு, இல்லாவிட்டால் துரு பிடித்து மறுபடி உறுமும். எர்த் ஒயரும் பவர் ஒயரின் கேஜிலேயே இருக்கட்டும்.

எர்த் சரியா என்பதை ஓம் பார்த்துச் சொல்லாதே, வோல்ட் பார்த்துச் சொல். மீட்டரின் கறுப்பு முனையை நீள ஒயர் கட்டிப் பேட்டரி மைனஸிலும், சிவப்பை ஆம்ப்பின் எர்த் திருகிலும் வை. 50 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் வரும் சோதனைச் சத்தம்) ஓட விட்டு டிசி வோல்ட் பார். 0.1-க்குக் கீழே இருந்தால் நன்று. 0.2-ஐத் தாண்டினால் தகட்டையும் லக்கையும் மறுபடி பார்.

எர்த்து சுத்தமாகியும் உறுமல் போகாவிட்டால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகி. ஏர்கண்டிஷனரையும் ஹெட்லைட்டையும் போட்டு, 1500 ஆர்பிஎம்மில் பிடித்து, பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அள. 0.1-க்குள் இருந்தால் ஆரோக்கியம், 0.5-ஐத் தாண்டினால் டயோடு போயிற்று. உன்னிடம் இருப்பது அந்த மஞ்சள் மீட்டர்தானே? அதில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச், இந்தச் சின்ன வோல்ட் அதில் தெரியாது. அது டிசியைக் கூட ஏசி என்று காட்டும். முனைகளை மாற்றி வைத்தால் ஒரு பக்கம் 28, மறுபக்கம் பூஜ்யம் வரும். பாலுவிடம் இருக்கும் நல்ல மீட்டரை வாங்கிக்கொள், இந்தத் தடவையாவது திருப்பிக் கொடு.

இப்போது கன்வெர்ட்டர். என் சந்தேகம் முழுக்க அங்கேதான். கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் அவுட்டில் மைனஸ் என்பது எர்த் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டுமே சுமார் 6 வோல்ட்டில் நிற்கும், சத்தம் இரண்டுக்கும் நடுவில்தான் ஓடும். உன் படத்தில் கன்வெர்ட்டரின் ஸ்பீக்கர் மைனஸ் ஒயர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கிப் பாடியில் இறுக்கியிருக்கிறார்கள். அதனால் உறுமல் வரும், ஸ்டீரியோவின் ஐசியும் ஒருநாள் போய்விடும். உடனே பிரித்துவிடு. பிறகு ஆம்ப்பின் பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் சாக்கெட் ஒன்று, ‘ஹை இன்புட்’ என்று எழுதி இருக்கிறதா பார். இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். பின் ஸ்பீக்கர் ஒயர்களை நேராக அதில் கொடு. பெரிய வோல்ட்டில் வரும் சிக்னல் வழியில் சத்தத்தை அவ்வளவாக வாங்காது. பல ஆம்ப் அந்த 6 வோல்ட்டைப் பார்த்துத் தானே ஆன் ஆகும்.

உன் ‘டம்’முக்கும் அதுவே தீர்வு. இப்போது ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரை ஃபியூஸ் பாக்ஸில் ஏசிசியிலிருந்து (சாவி திருகியதும் கரண்டு வரும் இணைப்பு) எடுத்திருக்கிறார்கள். சாவி திருகியதும் ஆம்ப் விழித்துவிடுகிறது, ஸ்டீரியோ அதற்குப் பிறகுதான் எழுகிறது. அது எழும்போது விடும் சின்னத் துடிப்பை ஆம்ப் பெருக்கி அடிக்கிறது. ஆம்ப் கடைசியில் எழுந்து முதலில் தூங்க வேண்டும். தானே ஆன் ஆகும் வசதி இல்லையென்றால் ரிமோட் ஒயரில் ஆம்ப்பைச் சற்றுத் தாமதமாக எழுப்பும் ஒரு டிலே மாட்யூல் போடு.

கடைக்காரர் சொன்ன ஃபில்டர், அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் டப்பா, கதவு ஸ்பீக்கருக்கு வேண்டுமானால் பரவாயில்லை. சப்வூஃபருக்கு வேண்டாம். அதன் சின்னக் காந்தக் கோர் தாழ்ந்த அதிர்வெண்ணில் நிறைந்துவிடும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது தேய்ந்து, மிச்சம் சிதைந்து வரும். பேஸுக்காக 12 இஞ்ச் பெட்டி தூக்கி வைத்துவிட்டு அதையே வடிகட்டி எறிவதா?

ஆம்ப்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலுக்குத் தக்கபடி ஆம்ப்பைப் பொருத்தும் திருகு) வால்யூம் மாதிரி முழுக்கத் திருகி வைத்திருக்கிறாய், படத்திலேயே தெரிகிறது. சப்வூஃபரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கு, 50 ஹெர்ட்ஸ் டோன். ஆம்ப் அவுட்டில் ஏசி வோல்ட் பார்த்துக்கொண்டே கெயினைக் கீழிருந்து ஏற்று. 500 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6 வோல்ட். அங்கே நிறுத்து. இதற்கு மஞ்சள் மீட்டரே போதும்.

கடகடவுக்கு மின்சாரமே காரணமில்லை. என்ஜினை அணைத்து, மொபைல் ஆப்பில் 20-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்று, தங்கச்சியை டிக்கிப் பக்கம் நிற்கச் சொல். நம்பர் பிளேட், பார்சல் ட்ரே, ஜாக்கி, ஸ்டெப்னி நட்டு, ஒவ்வொன்றும் தன் அதிர்வெண் வரும்போது ஆடும். கையால் அழுத்திப் பிடித்தால் நிற்பது எதுவோ அதற்கு ஃபோம் டேப். பெட்டியே ‘புஸ்’ என்றால் 30 ஹெர்ட்ஸ் ஓட விட்டு மூலைகளில் ஊதுபத்தி காட்டு, புகை சிதறும் இடத்தில் காற்று கசிகிறது. சப்வூஃபரின் கோனை (முன்னால் தெரியும் கூம்பு) இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்திப் பார். உள்ளே மணல் உரசுவது போலிருந்தால் மட்டும் அதன் கம்பிச்சுருள் தேய்கிறது என்று அர்த்தம், அப்போது சப்வூஃபரைத்தான் பார்க்க வேண்டும்.

சேகர் பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்துவிட்டதாம், உனக்குச் சொல்லச் சொன்னான். சனிக்கிழமை கடைக்குப் போகாதே. ஃபியூஸ் போட்ட படமும், எர்த்தில் பார்த்த வோல்ட்டும், ஷார்ட் பிளக் செருகியபோது உறுமல் இருந்ததா இல்லையா என்பதும் எனக்கு அனுப்பு. அவற்றைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

அன்புடன்,
சிவா