‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்ற பலகை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை நெருங்கினால் அமெரிக்கப் பயணக் கட்டுரைகள் தமிழ் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசமிட்டி என்று இடங்களைச் சொல்லி, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுக்கும் வழியையும் சொல்லி, கடைசியில் ‘செல்ல நாயையும் கூட்டிப் போகலாம்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பிக் கிளம்பும் குடும்பங்கள்தான் பாதி வழியில் திண்டாடுகின்றன. அமெரிக்காவில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய. ஊரிலிருந்து வரும் பெற்றோரும் அதே வண்டியில்தான் பயணம் போகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் விவரங்களை எழுதுகிறோம். சற்று நீளமானாலும் இடம் தர வேண்டுகிறோம்.

‘பெட் ஃபிரெண்ட்லி’ என்ற பலகைக்கு ஒரே பொருள்தான்: இரவில் உங்கள் சைட்டில், அதாவது வண்டியை நிறுத்தித் தங்க உங்களுக்கு ஒதுக்கும் இடத்தில், நாயை வைத்துக்கொள்ள விடுவார்கள். பகலில் நீங்கள் பார்க்கப் போகும் இடத்துக்கு நாய் வரலாமா என்பதைப் பற்றியோ, வர முடியாவிட்டால் அதை எங்கே விட்டுப் போவது என்பதைப் பற்றியோ அந்தப் பலகை எதுவும் சொல்வதில்லை. ஆகவே முதலில் பகலைத் திட்டமிடுங்கள். இரவு தங்கும் முகாமிடமான கேம்ப்கிரவுண்டை அதன் பிறகு தேடுங்கள்.

தேசியப் பூங்காக்களில் பொது விதி, நாயைப் பிடிக்கும் கயிறான லீஷின் நீளம் 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. நாயை எதிலாவது கட்டிவிட்டுத் தனியாக விட்டுப் போவதும் குற்றம். இதற்கு மேல் பூங்காவுக்குப் பூங்கா மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. மேய்ன் மாநிலத்து அகேடியாவில் ஏறத்தாழ 100 மைல் நடைபாதையிலும் 45 மைல் குதிரைவண்டிச் சாலையிலும் நாய் உங்களோடு நடக்கலாம். ஏணி வைத்து ஏறும் செங்குத்துப் பாதைகள்தான் அதற்கு மூடியிருக்கும். விர்ஜீனியாவின் ஷெனண்டோவாவில் 500 மைலுக்கு மேல் பாதை இருக்கிறது. சுமார் 20 மைல் தவிர மற்ற எல்லாவற்றிலும் நாய்க்கு அனுமதி. அதே அப்பலாச்சியன் மலைத்தொடரில் கொஞ்சம் தெற்கே, கிரேட் ஸ்மோக்கியில், கேட்லின்பர்க், ஓகானலுஃப்டி ஆற்றோரம் என்று இரண்டே பாதைகள். கொலராடோவின் ராக்கி மவுண்டன் பூங்காவில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கிரேட் ஸ்மோக்கியிலும் ராக்கி மவுண்டனிலும் கேம்ப்கிரவுண்டில் நாய் தங்கலாம்! பலகையை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

யெல்லோஸ்டோனுக்கு நாயோடு போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சாலை, வாகன நிறுத்துமிடம், கேம்ப்கிரவுண்டு ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள்தான் நாய் இருக்கலாம். கொதிநீர்ச் சுனைகளைச் சுற்றியுள்ள மரப்பலகை நடைபாதைகளில் அதற்கு இடமே இல்லை. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்றைக்கூட நாயை வண்டியில் விட்டுவிட்டுத்தான் பார்க்க முடியும். இந்த விதிக்குக் காரணம் உண்டு. 1981-ல் கொதிக்கும் சுனைக்குள் பாய்ந்த நாயைக் காப்பாற்றத் தானும் குதித்த ஒருவர் அங்கே உயிரிழந்தார். ‘தாத்தா பாட்டி வண்டியில் நாயோடு இருக்கட்டும், நாம் பார்த்துவிட்டு வருவோம்’ என்று முறை போட்டுச் சமாளிப்பதும் நடக்கிறது. பத்தாயிரம் மைல் கடந்து வந்தவர்கள் வாகன நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு இதைவிட நல்ல தேர்வு. விளிம்பு ஓரப் பாதையில் நாய் நடக்கலாம். பள்ளத்தாக்குக்குள் இறங்கக் கூடாது, பூங்காப் பேருந்திலும் ஏறக் கூடாது. பூங்காவுக்குள்ளேயே நாய்க் காப்பகம் உண்டு. தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். விடுமுறைக் காலத்தில் முன்பதிவு இல்லாமல் அதை நம்பிப் போகாதீர்கள். தங்குவதற்கு மேதர் கேம்ப்கிரவுண்ட், டிரெய்லர் வில்லேஜ் இரண்டிலும் நாய்க்கு அனுமதி. ஆனால் மேதரில் மின் இணைப்பு இல்லை, டிரெய்லர் வில்லேஜில் உண்டு. நாயை வண்டிக்குள் விட்டுப் போக நினைப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். இன்னொரு வழி, பூங்காவை ஒட்டியுள்ள தேசியக் காடுகளில் தங்குவது. அங்கே பெரும்பாலான பாதைகளில் நாய்க்குத் தடையில்லை. கிராண்ட் கேன்யன் வாசலுக்கு வெளியே கைபாப் காட்டில் உள்ள டென்-எக்ஸ் கேம்ப்கிரவுண்ட் அப்படிப்பட்டது.

யோசமிட்டியில் நடந்து சென்று கூடாரம் போடும் கேம்ப் 4 போன்ற இடங்களில் நாய்க்கு அனுமதி இல்லை. அப்பர் பைன்ஸ் போன்றவற்றில் உண்டு. அங்கே நாய்த் தீனியும் உணவுக் கணக்குதான். வெளியே வைத்தால் கரடி வரும். இரும்புப் பெட்டிக்குள் பூட்ட வேண்டும்.

இனி, மின்சாரம். நாய்கள் வண்டிக்குள் வெந்து சாவதற்கு உரிமையாளரின் அலட்சியம் மட்டும் காரணம் இல்லை, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையும் காரணம். வெளியே 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 செல்சியஸ், இருக்கும் இதமான நாளிலேயே மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 89, அரை மணியில் 104 டிகிரி ஆகிவிடும். ஆர்.வி. இதைவிடப் பெரியது என்பதால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஏ.சி. ஏன் நிற்கிறது? சைட்டில் உள்ள 30 ஆம்ப் மின் இணைப்பு தருவது 120 வோல்ட்டில் 3,600 வாட். கூரை ஏ.சி. வெயில் நேரத்தில் 13 முதல் 15 ஆம்ப் இழுக்கும். வெந்நீர்த் தொட்டியின் மின்சுருள் 12 ஆம்ப். மின்சாரத்தில் ஓடும் குளிர்பெட்டி 3, பேட்டரி சார்ஜர் 5 வரை. காலையில் எல்லாரும் குளித்து, பாத்திரம் கழுவி, ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். தொட்டியில் தண்ணீர் ஆறியிருப்பதால் சுருள் தானாகச் சூடேறத் தொடங்குகிறது, கூட்டிப் பார்த்தால் 30-ஐத் தாண்டுகிறது, அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுகிறது. நாய் உள்ளே இருக்கிறது, நீங்கள் 20 மைல் தொலைவில் இருக்கிறீர்கள். கிளம்புமுன் வெந்நீர்த் தொட்டியின் மின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு எதுவும் செருகியபடி இருக்க வேண்டாம். வண்டி 50 ஆம்ப் வண்டியானால் 50 ஆம்ப் சைட்டையே கேட்டு வாங்குங்கள்; அதில் 12,000 வாட் வரை கிடைக்கும்.

பிரேக்கர் விழாமலும் ஏ.சி. நிற்கும். ஆர்.வி.கள் தங்கும் பழைய பார்க்குகளில் மதியம் 3, 4 மணிக்கு எல்லா வண்டியும் ஏ.சி. போடும்போது வோல்டேஜ் 105-க்குக் கீழே இறங்கிவிடும். மின்னழுத்தக் காப்புக் கருவியான நல்ல சர்ஜ் புரொடெக்டர் 104 வோல்ட் அளவில் இணைப்பைத் துண்டித்து ஏ.சி.யின் கம்ப்ரஸரைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது. சாதாரண வோல்ட்மீட்டர் ஒன்றை உள்ளே செருகி வைத்து, முதல் நாள் மதியம் எந்த அளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். மின்சாரம் திரும்ப வந்தால் ஏ.சி. தானாக ஓடுமா என்பதையும் பிரேக்கரை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள். சில டிஜிட்டல் தெர்மோஸ்டாட்கள் அணைந்த நிலையிலேயே இருந்துவிடும். வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும் கூரை விசிறிக்கு மழை மூடி போட்டுத் தானியங்கியாக விட்டு வையுங்கள்.

கூடவே செல்போன் சிக்னல் வழியாக எச்சரிக்கை அனுப்பும் வெப்பக் கருவி ஒன்று வேண்டும். வைஃபையில் ஓடும் கருவி பயன்படாது. மின்சாரம் போனால் ரூட்டரும் போய்விடும். பார்க்கில் செல்போன் சிக்னலே இல்லையென்றால் நாயைத் தனியாக விடும் திட்டத்தைக் கைவிடுங்கள். ஏ.சி. நன்றாக ஓடினாலும் வெளி வெப்பத்தைவிடச் சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட்தான் குறைக்கும் என்பதை மனதில் வையுங்கள். வெளியே 110 இருந்தால் உள்ளே 90. பக், புல்டாக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவே ஆபத்து.

தனியார் பார்க்கில் முன்பதிவு செய்யும்போது இணையத்தில் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். போன் செய்து கேளுங்கள். எத்தனை நாய்கள்? (பல இடங்களில் இரண்டு அல்லது மூன்று.) எந்த இனத்துக்குத் தடை? பிட் புல், ராட்வைலர், டாபர்மேன், இவற்றின் கலப்பினம் ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனையால் பல பார்க்குகள் மறுக்கும்; இரவு 9 மணிக்கு வாசலில் போய் நின்று வாதாடிப் பயனில்லை. வண்டிக்குள் நாயைத் தனியாக விடலாமா? பல பார்க்குகள் இதை முற்றிலும் தடை செய்திருக்கின்றன. வெளியே மடிப்பு வேலி போடலாமா? நாய்த் திடலுக்கு இரட்டைக் கதவு உண்டா, சின்ன நாய்க்குத் தனி அடைப்பு உண்டா? கேபினில் தங்கும் உறவினர்கள் இருந்தால், கேபினுக்குள் நாய் வரலாமா என்பதையும் தனியாகக் கேளுங்கள். சைட்டுக்கும் கேபினுக்கும் விதி வேறு.

சைட்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். குளியலறை, விளையாட்டுத் திடல், நாய்த் திடல் ஆகியவற்றுக்குப் போகும் வழியில் இருக்கும் சைட்டில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். நாய் நாள் முழுக்கக் குரைக்கும். அடுத்த வண்டிக்காரர் புகார் கொடுப்பார். உள்சாலை வளைவின் கடைசியில், மேற்கே மரநிழல் உள்ள சைட்டைக் கேளுங்கள். தரை என்னவென்றும் கேளுங்கள். 77 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலுக்கே தார்த்தரை 125 டிகிரி வரை சுடும். புறங்கையை 7 விநாடி தரையில் வைக்க முடியவில்லையென்றால் நாயும் அதில் நடக்கக் கூடாது. கூர்மையான ஜல்லி பாதத்தைக் கிழிக்கும். மேற்கு மாநிலங்களில் ‘கோட்ஹெட்’ என்று அஞ்சப்படும் முள் வேறொன்றுமில்லை, நம்மூர் நெருஞ்சியேதான். கலிபோர்னியாவில் மே மாதம் முதல் காய்ந்து நிற்கும் ஃபாக்ஸ்டெயில் புல் இன்னும் மோசம். ஊசிப்புல் வேட்டியில் ஏறுவதுபோல நாயின் காதுக்குள், மூக்குக்குள், விரலிடுக்கில் ஏறும்; திரும்பி வராது. நாய் திடீரென்று விடாமல் தும்மினாலோ தலையை உதறினாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நடந்து வந்ததும் விரலிடுக்கைப் பார்ப்பது அன்றாட வேலையாக இருக்கட்டும். உண்ணியும் அப்போதே அகப்படும்.

பச்சைச் சாயம் கொட்டியதுபோல் இருக்கும் ஏரித் தண்ணீரில் நாயை இறக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் கொன்றுவிடும். வட கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் ஆற்றோரங்களில் கிடக்கும் சமைக்காத சால்மன் மீனையும் தின்ன விடக் கூடாது. அதிலுள்ள ஒட்டுண்ணி சுமக்கும் கிருமியால் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து காய்ச்சல், வாந்தி, பேதி வரும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. நோய் தெரியும்போது நீங்கள் வீடு திரும்பியிருப்பீர்கள் என்பதால், மீன் தின்றதை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடும். சொன்னால் ஆண்டிபயாட்டிக்கில் குணமாகும்.

வண்டியைப் பற்றி ஒன்று: பக்கவாட்டில் விரியும் ஸ்லைடை இயக்குமுன் நாயைப் பிடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்துக்குப் பயந்து அதன் அடியில் போய் ஒளிந்து நசுங்கிய நாய்கள் உண்டு. இழுத்துச் செல்லும் டிரெய்லருக்குள் நாயை விட்டு ஓட்டவே கூடாது.

காகிதங்களில் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் முக்கியம். கழுத்தில் தொங்கும் வில்லை பல இடங்களில் போதாது. பேன்ஃப், நயாகரா என்று கனடாப் பக்கம் போனால், 3 மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைய, 2024 ஆகஸ்ட் 1 முதல், நாய்க்கு 6 மாத வயது நிரம்பியிருக்க வேண்டும், தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருக்க வேண்டும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் இறக்குமதிப் படிவ ரசீது கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே பிறந்த நாய்க்கும் இது பொருந்தும். கடந்த 6 மாதத்துக்குள் இந்தியாவில் இருந்த நாயென்றால் கூடுதல் ஆவணங்கள் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் முன்னேற்பாடு தேவை.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வாரத்தில் போகிறவர்கள், பார்க்கில் வாணவேடிக்கை உண்டா என்று கேட்டு, இருந்தால் வேறு இடம் பாருங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு போய்விடும். பட்டையில் வீட்டு முகவரி மட்டும் இருந்தால், 1,000 மைல் தள்ளி அதைக் கண்டெடுப்பவருக்கு என்ன பயன்? செல்போன் எண்ணைப் பொறியுங்கள். சைட் எண்ணை ஒரு பிளாஸ்திரியில் எழுதிப் பட்டையில் ஒட்டுங்கள்.

உங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் அடுத்த முறை ஒரு பூங்காவைப் பற்றி எழுதும்போது, எந்தப் பாதையில் நாய் நடக்கலாம், எந்தக் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பு உண்டு, அருகில் நாய்க் காப்பகம் உண்டா என்ற மூன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
சான் ஹோசே, கலிபோர்னியா