மாஸ்டரிங்குக்குக் கொடுக்கும் முன்

அன்புள்ள கண்ணா,

உங்கள் ராப் ஆல்பத்தின் பதினோரு பாட்டையும் கேட்டேன். லேபிள் (இசை நிறுவனம்) வேண்டாம், நாங்களே வெளியிடுகிறோம் என்று நாலு பேரும் எடுத்த முடிவு சரிதான். ஆனால் லேபிள்காரர்கள் பார்க்கிற வேலை முழுக்க இனி உங்கள் தலையில். மிக்ஸை, அதாவது குரலும் இசையும் கலந்திருக்கிற விதத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அனுமதி, ஒப்பந்தக் காகிதம்.

மூன்றாவது பாட்டில் சுற்றிச் சுற்றி வருகிற பழைய பாட்டுத் துண்டு யாருடையது? நாலு நொடிதானே என்று சொல்லாதே. இத்தனை நொடி வரை இலவசம் என்று சட்டம் எதுவும் இல்லை. இப்படி எடுத்த துண்டுக்கு, அதாவது சாம்பிளுக்கு, இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று. அதை நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் முதலாவது தேவைப்படாது, இரண்டாவது அப்படியே நிற்கும். டி லா சோல் என்ற அமெரிக்க ஹிப்ஹாப் குழுவின் முதல் ஆல்பம் 1989-ல் வந்தது. ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2023 மார்ச்சில். அன்றைய சாம்பிள் ஒப்பந்தங்களில் டிஜிட்டல் என்ற பேச்சே இல்லாதது அந்தத் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அனுமதி கிடைக்காது என்றால் இப்போதே வெட்டிவிடு. மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்குவது) முடிந்த பிறகு வெட்டினால் இரட்டைச் செலவு.

லீஸுக்கு, அதாவது பயன்படுத்தும் உரிமை மட்டும், வாங்கிய இரண்டு பீட்டும் (ராப்புக்கான பின்னணி இசை) கவலையாக இருக்கிறது. அதே பீட்டை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் கன்டென்ட் ஐடி (யூடியூபில் உன் ஒலி வருகிற வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிப்பது) பெட்டியை அந்தப் பாட்டுகளுக்கு டிக் செய்யாதே. செய்தால் அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் வீடியோ மீது உன் பெயரில் உரிமைக்கோரல் போகும், அவர்களிடமிருந்து உனக்கும் வரும். லீஸ் ஒப்பந்தத்தில் ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், படித்துப் பார். முதலில் வெளியிடப்போகிற பாட்டு உங்கள் டிஜேயின் சொந்த பீட்டாகவே இருக்கட்டும்.

பாட்டுக்கு ஒரு தாள் வைத்து, உரிமையில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்து எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) ஒரே வரி கொடுத்தவரையும் விடாதே. பாட்டு ஓடாதவரை யாரும் சண்டை போட மாட்டார்கள், ஓடினால்தான் வம்பு.

இனி மிக்ஸ். ஐந்தாவது பாட்டில் கிக்கும் (அடி டிரம்) 808-ம் (நீண்டு ஒலிக்கும் ஆழமான பேஸ்) 50, 60 ஹெர்ட்ஸில் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்கின்றன. கிக் விழுகிற நேரத்தில் அடி இறங்காமல் 'பொத்' என்கிறது. முதலில் 808-ஐப் பாட்டின் சுருதிக்குச் சேர். பிறகு சைட்செயின் (ஒரு ஒலி வரும்போது இன்னொன்றைத் தானாகத் தணிப்பது) போட்டு, கிக் விழும்போது 808 கொஞ்சம் ஒதுங்கட்டும். ஃபோன் ஸ்பீக்கரில் அந்த அடித்தளம் கேட்கவே கேட்காது. சாச்சுரேஷன் (ஒலியில் லேசான கரகரப்பு) சிறிது சேர்த்தால் அதன் மேல் ஹார்மோனிக்ஸ் (அதே சுருதியோடு சேர்ந்த உயர் ஒலிகள்) எழுந்து, பேஸ் இருப்பது காதுக்குத் தெரியும்.

டபுள்ஸை (அதே வரியை மறுபடி பாடி மேலே சேர்ப்பது) வரி முழுக்க வைத்திருக்கிறாய். எதுகை விழுகிற கடைசிச் சொல்லுக்கு மட்டும் வை. முழுக்க வைத்தால் 'ஸ' எல்லாம் முன்னே பின்னே விழுந்து சலசலக்கிறது, வார்த்தை புரியவில்லை. ராப்பில் வார்த்தை புரியாவிட்டால் வேறென்ன மிச்சம்?

மாஸ்டரிங்குக்கு 24 பிட் வேவ் ஃபைலாக, மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (உச்சங்களை அமுக்கிச் சத்தத்தை ஏற்றும் கருவி) இல்லாமல், உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில் அனுப்பு. சத்தத்தை ஏற்றச் சொல்லி அடம்பிடிக்காதே. ஸ்பாட்டிஃபை சாதாரணமாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்கு இறக்கிவிடும். நசுக்கிய பாட்டு அங்கே இறங்கியபின் சப்பென்று இருக்கும். அதற்காக மைனஸ் 14-ஐயே இலக்காக வைப்பதும் வீண்பிடிவாதம்தான்.

அதே நாளில் இன்ஸ்ட்ருமென்டல் (இசை மட்டும்), அக்காபெல்லா (குரல் மட்டும்), கெட்ட வார்த்தை நீக்கியது, மேடைக்காக இசையோடு ஆட்லிப் (இடையிடையே வரும் சிறு குரல்கள்) மட்டும் உள்ளது என எல்லாப் பதிப்புகளையும் எடுத்து வை. ஆறு மாதம் கழித்து அந்த செஷனை (கணினியில் பதிவுக் கோப்பு) திறந்தால் ஏதாவது ஒரு ப்ளகின் (அதில் சேர்த்த துணை மென்பொருள்) காணாமல் போயிருக்கும்.

அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல், அதில் இணைய முகவரியோ சமூக வலைத்தள லோகோவோ கூடாது. வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்னால் ஆல்பத்தை டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் ஏற்று. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்கு ஒரு பாட்டைக் குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்ப வேண்டும். முன்பே சிங்கிளாக வந்த பாட்டுக்குப் பழைய ஐ.எஸ்.ஆர்.சி எண்ணையே (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) கொடு, புது எண் போட்டால் இதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கு ஆல்பத்துக்கு வராமல் போகலாம்.

அந்த இரண்டு பீட்டின் ஒப்பந்தத்தையும் ஃபோட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு.

அம்மா